பக்கத்து நாற்காலியின் சம்பளம்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் நான் இரண்டு காட்டினேன். அவர் எட்டு காட்டினார்.

ஒவ்வொரு செவ்வாயும் எங்கள் அணியில் இந்தச் சீட்டுக் கச்சேரி நடக்கிறது. செய்ய வேண்டிய வேலையை மேனேஜர் வாசிப்பார். அது எத்தனை நாள் பிடிக்கும் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் எண் போட்ட சீட்டைத் தூக்க வேண்டும். வேலை யார் தலையில் விழுகிறதோ அவர் காட்டிய எண் சுவரில் இருக்கும் பெரிய திரையில் ஏறும். என் பக்கத்து நாற்காலிக்காரருக்கு எதற்கும் எட்டுதான். ஒரு பட்டனின் நிறத்தை மாற்றச் சொன்னாலும் ஐந்துக்குக் கீழே இறங்கமாட்டார். "உள்ளே என்ன பூதம் இருக்கோ, யாரு கண்டா" என்பார். அதனால் அவருக்குப் பெயரே எட்டு.

சென்ற வாரம் எங்கள் இருவருக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு வேலை. அவர் எட்டு என்று சொல்லி ஆறு நாளில் முடித்தார். திரையில் பச்சை. நான் இரண்டு என்று சொல்லி மூன்றாம் நாள் காலையில் முடித்தேன். சிவப்பு.

"நீங்க பிளானிங்ல கொஞ்சம் கவனம் வைக்கணும்" என்றார் மேனேஜர், எல்லோர் முன்னாலும். எட்டைப் பார்த்து, "இவரை மாதிரி சொன்ன தேதிக்கு முன்னாடியே முடிக்கணும்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

மூன்று பெரிதா, ஆறு பெரிதா? இதை இரண்டாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்டால் சொல்லிவிடும்.

மார்ச் 5, புதன்

உண்மையில் இரண்டு நாள் வேலைதான் அது. சர்வர் ஒரு மதியம் படுத்துக்கொண்டது. அதற்கும் நான்தான் சிவப்பு.

மார்ச் 11, செவ்வாய்

கோபம் இன்னும் ஆறவில்லை. எழுதினாலாவது அடங்குகிறதா பார்ப்போம்.

மதியம் காபி மெஷின் பக்கத்தில் எட்டு நின்றிருந்தார். வீட்டுக் கடனுக்கு வங்கியில் அலைய விடுகிறார்களாம். புலம்பினார். புலம்பிக்கொண்டே, "இந்தச் சம்பளத்துல என்னத்தக் கிழிக்கிறது, சொல்லுங்க" என்று தன் சம்பளத்தைச் சொன்னார். சர்வ சாதாரணமாக, பஸ் நம்பர் சொல்வது போல.

என் சம்பளத்தைப் போல ஒன்றே முக்கால் மடங்கு.

அவர் எனக்கு ஆறு மாதம் பின்னால் சேர்ந்தவர். அனுபவமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அவர் எழுதிய புரோகிராம் உடைந்தால் பாதி நாள் நான்தான் போய் ஒட்டவைக்கிறேன். இவ்வளவும் தொண்டை வரைக்கும் வந்தது. அதற்குள் அவர், "உங்களுக்கு என்னைவிட ஜாஸ்தியாத்தான் இருக்கும். நீங்க செய்யற வேகத்துக்கு" என்றார். கிண்டல் இல்லை. மனதாரச் சொன்னார். அந்த மனிதர் நிஜமாகவே அப்படி நம்புகிறார்.

நான் சொன்னது: "ஆமா. கொஞ்சம் ஜாஸ்தி."

ஏன் சொன்னேன்? ஏன்டி சொன்னே? குறைவாக வாங்குவது என்னவோ நான் செய்த தப்பு மாதிரி, அதை மூடி மறைக்க வேண்டியது மாதிரி. வெட்கப்பட வேண்டியவர்கள் ஏசி அறையில் உட்கார்ந்திருக்க, நான் வெட்கப்பட்டேன்.

மார்ச் 12, புதன்

வீட்டில் இவரிடம் சொன்னேன். இவர் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் எடுப்பவர். எல்லாவற்றுக்கும் ஒரு நிதானம். "எங்க ஸ்கூல்ல இந்தப் பிரச்சினையே கிடையாது. எல்லாருக்கும் ஒரே ஸ்கேல்" என்று பேப்பர் திருத்திக்கொண்டே சொன்னார். அந்த நேரத்தில் அந்தச் சிவப்புப் பேனாவைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறிய வேண்டும் போல இருந்தது.

இவருடைய அம்மா, என் அத்தைதான் சரியாகக் கேட்டார். அத்தை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "யாருக்கு எவ்வளவுன்னு உங்க ஆபீஸ்ல தெரியவே தெரியாதா?"

"வெளியே சொல்லக்கூடாது அத்தை. ரூல்."

"ஏன், அது என்ன சம்பளமா, சீக்கா? எங்க காலத்துல நோட்டீஸ் போர்டுலயே ஒட்டுவான். எவளுக்கு எவ்வளவுன்னு கேன்டீன்காரனுக்குக்கூடத் தெரியும்."

பிறகு எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. வேலைக்குச் சேர்ந்தபோது ஹெச்.ஆர். பெண், பழைய இடத்தில் எவ்வளவு வாங்குகிறீர்கள் என்று சிரித்த முகமாகக் கேட்டாள். நானும் சிரித்த முகமாக உண்மையைச் சொன்னேன். அதன் மேல் கொஞ்சம் தூவிக் கொடுத்தார்கள். பழைய இடத்தில், அதற்கு முந்தைய இடத்துச் சம்பளத்தின் மேல் தூவினார்கள். முதல் கம்பெனியில், கல்லூரி முடித்த கையோடு, கொடுத்ததை வாங்கிக்கொண்டு கும்பிடு போட்டேன். அன்றைக்கு எனக்கு என்ன தெரியும்? அந்தத் தெரியாத பெண்ணின் சம்பளத்தைத்தான் இன்றுவரை வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

ஏப்ரல் 2 அன்று வருடாந்திரப் பேச்சு. அன்று கேட்கப்போகிறேன். எட்டுக்குச் சமமாக. ஒரு காசு கூட அதிகம் வேண்டாம், ஒரு காசு குறையவும் கூடாது.

மார்ச் 19, புதன்

எட்டு இன்று மேனேஜர் அறைக்குள் போய் வெகு நேரம் இருந்தார். வந்ததும் மானிட்டரைத் துடைத்தார். மூன்று வருடமாக ஒரே தூசியோடு கிடந்த மானிட்டர்.

மார்ச் 24, திங்கள்

எட்டு கேக் வாங்கி வந்தார். எனக்கு மட்டும் பெரிய துண்டு.

"உங்களாலதான்" என்றார், குரலைத் தாழ்த்தி. நான் அவரைவிட அதிகம் வாங்குவதாகச் சொன்னேன் அல்லவா, அதைக் கேட்டு அவருக்கு ரோஷம் வந்துவிட்டதாம். வேறு கம்பெனியில் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு போடு போட்டு மேனேஜரிடம் கேட்டிருக்கிறார். கிடைத்துவிட்டது. "நீங்க அன்னைக்குச் சொல்லலைன்னா எனக்குக் கேக்கணும்னே தோணியிருக்காது" என்றார்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். தவளைக்குக் கூட இப்படி ஒருத்தன் கேக் கொடுத்திருக்கமாட்டான்.

வாழ்த்துக்கள் என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதில் பாதிதான் வெளியே வந்தது. கேக்கை டெஸ்டர் அக்காவிடம் கொடுத்தேன். அக்காதான் நாங்கள் எழுதுவதை எல்லாம் சோதித்துப் பிழை கண்டுபிடிப்பவர். "உனக்கு வேண்டாமா?" என்றார். வயிறு சரியில்லை என்றேன்.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டேன். இதைவிடப் பொருத்தமாக வேறு எப்படிச் சொல்வது?

ஏப்ரல் 2, புதன்

வரிசையாக எழுதுகிறேன். இல்லாவிட்டால் நாளைக்கு எனக்கே நம்பிக்கை வராது.

மேனேஜர் என் முன்னால் லேப்டாப்பைத் திருப்பி வைத்தார். வருடம் முழுவதற்கும் என் பெயருக்கு நேரே சிவப்பு, சிவப்பு, நடுவில் எங்கோ ஒரு பச்சை. "உற்பத்தித் திறன் கொஞ்சம் இறங்கியிருக்கு" என்றார். நான் முடித்த வேலைகள் எத்தனை, எட்டு முடித்தவை எத்தனை, அதைப் பாருங்கள் என்றேன். "எண்ணிக்கையை நாம பார்க்கறதில்ல. சொன்ன சொல்லைக் காப்பாத்தறதைத்தான் பார்க்கறோம்" என்றார். என்ன ஒரு கண்ணியம். ராஜ பரம்பரை.

சரி, சம்பளத்துக்கு வருவோம் என்றேன். இந்த வருடம் பட்ஜெட் இல்லை என்றார். போன மாதம் இருந்ததாம். "ஒரு முக்கியமான ஆளைத் தக்க வைக்க வேண்டியிருந்தது. அதுல போயிடுச்சு."

என் பங்கு அது. என் வாயாலேயே எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

அதோடு விட்டாரா? குரலை மாற்றிக்கொண்டு, "நீங்க அவர்கிட்ட உங்க சம்பளம்னு எதையோ சொல்லியிருக்கீங்க. சம்பளத்தைப் பத்திப் பேசறதே தப்பு. நீங்க சொன்னது உண்மையும் இல்ல" என்றார்.

"உண்மை இல்லைதான். நீங்க நினைச்சா உண்மையாக்கிடலாமே" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. நான் நகைச்சுவை சொன்னதாக நினைத்துக்கொண்டார்.

"சரி, அவருக்கு ஏன் ஆரம்பத்துலேயே அவ்வளவு?" என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்னது ஒன்றுதான் இன்றைக்கு நான் கேட்ட நேர்மையான பதில். "அவர் சேரும்போது அவ்வளவு கேட்டார். நீங்க கேக்கல."

அப்படியானால் இந்தத் திரை, இந்தச் சிவப்பு, பச்சை, சீட்டு, செவ்வாய்க்கிழமை எல்லாம் எதற்குடா? சம்பளத்துக்கும் வேலைக்கும் சம்பந்தமே இல்லை என்றால் அதை முதல் நாளே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே. நான் பாட்டுக்கு மதியம் சாப்பாட்டு டப்பாவை ஒரு கையிலும் கீபோர்டை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு ஓடியிருக்கமாட்டேன்.

ஏப்ரல் 3, வியாழன்

எட்டிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். லிஃப்டில், வேறு யாரும் இல்லாதபோது. என் சம்பளம் இவ்வளவுதான், அன்று சொன்னது பொய் என்று.

அவர் முகம் சுருங்கிப் போனது. கதவு திறந்ததும், "நான் வேணும்னா திருப்பிக் குடுத்துடட்டுமா?" என்றார்.

திருப்பித் தருகிறாராம். கொடுத்தால் மேனேஜர் அதை என்னிடமா தருவார்? அவர் மேல் கோபப்பட முடியவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் கோபமாக இருக்கிறது. ஒரு கெட்டவனாவது கிடைத்திருந்தால் நிம்மதியாகத் திட்டியிருப்பேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

இன்று எட்டுச் சீட்டைத் தூக்கினேன். மேனேஜர் இரண்டு தடவை பார்த்தார். "உள்ளே என்ன பூதம் இருக்கோ" என்றேன். எட்டுக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது.

ஏப்ரல் 11, வெள்ளி

வேலை நேற்றே முடிந்தது. சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, எதிர்க் கட்டடத்தில் கண்ணாடி துடைப்பவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கண்ணாடிக்கு அவர் எவ்வளவு நேரம் எடுக்கிறாரோ அவ்வளவு எடுக்கிறார். யாரும் சீட்டுத் தூக்கச் சொல்லவில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

வேலையை ஒப்படைத்தேன். பச்சை. "பார்த்தீங்களா, மனசு வெச்சா முடியுது" என்று மேனேஜர் பாராட்டினார். வாழ்க்கையிலேயே நான் மிகக் குறைவாக உழைத்த வாரம் இது.

ஆனால் அக்கா வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒன்று சொன்னார். அதுதான் உறுத்துகிறது. "இந்த வாரம்தான் எனக்கு மூச்சு விட நேரம் கிடைச்சது. நீ எப்பவும் ரெண்டுன்னு தூக்கிடுவே. அந்த ரெண்டுல நான் சோதிக்கற நாள் எங்க இருக்கு? நீ முடிச்சுட்டுப் போயிடுவே, நான் சனிக்கிழமை வந்து தனியா உக்காந்திருப்பேன். உனக்கும் இங்க ஒரு பேரு இருக்கு, தெரியுமா? ரெண்டு."

தெரியாது என்றேன். இரண்டுமே தெரியாது.

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே அக்கா" என்று கொஞ்சம் சூடாகவே கேட்டேன். "நான் ஏஜென்சி மூலமா வந்தவ. வருஷா வருஷம் காண்ட்ராக்ட்டைப் புதுப்பிக்கணும். நான் யாருகிட்ட என்ன சொல்றது?" என்றார்.

என் வேகத்தில் ஒரு பங்கு அவருடைய சனிக்கிழமை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்காக என் சம்பளம் குறையவில்லை. அது வேறு கணக்கு. இரண்டையும் குழப்பி என் கோபத்தை யாரும் ஆற வைக்க வேண்டாம்.

ஏப்ரல் 23, புதன்

வேறு இடத்தில் இண்டர்வியூ. நன்றாகச் செய்தேன். கடைசியில் அந்த மனிதர், இப்போது எவ்வளவு வாங்குகிறீர்கள் என்று கேட்டார்.

உண்மையைச் சொன்னேன்.

மறுபடியும். என் வாய்க்கு என்ன வந்ததோ. பொய் சொல்லக் கூடாத இடத்தில் பொய், சொல்ல வேண்டாத இடத்தில் உண்மை.

ஏப்ரல் 28, திங்கள்

எதிர்பார்த்தபடி, கொஞ்சம் தூவிக் கொடுத்திருக்கிறார்கள். எட்டின் பழைய சம்பளத்துக்குப் பக்கத்தில் கூட இல்லை.

பரவாயில்லை. இங்கே ராஜினாமா கொடுத்துவிட்டேன். "யோசிச்சுத்தான் செஞ்சியா?" என்று இவர் கேட்டார். யோசித்துச் செய்ததெல்லாம் எங்கே கொண்டுபோய் விட்டது என்று பார்த்தாயிற்று. இதைக் கோபத்தில்தான் செய்தேன்.

ஏப்ரல் 30, புதன்

பணம் வந்துவிட்டது!

பட்ஜெட் இல்லை, வருடம் முடிந்தது, மேலே கேட்க வேண்டும் என்ற அத்தனையும் இரண்டு நாளில் ஆவியாகிவிட்டது. எட்டின் புதுச் சம்பளத்துக்குச் சமமாகத் தருகிறோம், இருங்கள் என்றார்கள். இத்தனை நாள் அந்தப் பணம் எங்கே தூங்கியது? நான் போகிறேன் என்றதும் எப்படி எழுந்து நடந்து வந்தது? மேனேஜர் முகத்தில் அவ்வளவு கரிசனம். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுதது போல. "நீங்க இந்தக் குடும்பத்துல ஒருத்தர்" என்றார்.

யாரிடமும் சொல்லமாட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

போட்டேன். இருந்துவிட்டேன். கேட்டது கிடைத்தது. மகிழ்ச்சி வரும் வரும் என்று மாலை வரை காத்திருந்தேன், வந்தபாடில்லை. "இனிமே மூணு ரூம் வீடு பார்க்கலாம்" என்றார் இவர். "எனக்கு ஜன்னல் இருக்கற ரூம்" என்று அத்தை அப்போதே துண்டைப் போட்டு இடம் பிடித்துவிட்டார்.

மே 13, செவ்வாய்

மூன்று காட்டினேன். ஒரு நாள் அக்காவுக்கு.

மே 15, வியாழன்

அக்கா மாடிப்படிக்குக் கூப்பிட்டார். "ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதே. ஒரு இடத்துல இண்டர்வியூ இருக்கு. நான் சோதிக்கறதுக்குன்னே புரோகிராம் எழுதி வெச்சிருக்கேன் இல்ல, அதைக் காட்டினேன், அவங்களுக்குப் பிடிச்சிருக்கு. எவ்வளவு கேக்கறதுன்னுதான் தெரியல. உனக்கு எவ்வளவு வருது?"

கையெழுத்துப் போட்ட தாள் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. ஏதோ வருது அக்கா என்று சொல்லி நழுவியிருக்கலாம். வாய் வரை வந்தது அந்த 'ஏதோ'.

சொல்லிவிட்டேன். கடைசி எண் வரை.

அக்கா தன்னுடையதைச் சொன்னார். என் பழைய சம்பளத்தில் பாதிக்கும் கீழே. ஒன்பது வருடமாக இந்த வேலையில் இருப்பவர். இரண்டு மாதமாகப் பக்கத்து நாற்காலியையே பார்த்துப் பார்த்துப் பொருமிக்கொண்டிருந்தேன். பின் வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு எவ்வளவு என்று எனக்குக் கேட்கத் தோன்றவே இல்லை.

மே 16, வெள்ளி

அக்கா என்னோடு பேசவில்லை. நான் அனுப்பிய வேலையில் ஒன்றுக்கும் உதவாத சின்னப் பிழைகளை எல்லாம் தோண்டி எடுத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார். ஒரு இடத்தில் முற்றுப்புள்ளி இல்லையாம்.

என் மேல் ஏன் கோபம், நானா நிர்ணயித்தேன் என்று கேட்கப் போனேன். அன்று லிஃப்டில் பார்த்த எட்டின் முகம் நினைவுக்கு வந்தது. பேசாமல் வந்து முற்றுப்புள்ளி வைத்தேன்.

மே 30, வெள்ளி

அந்த இடத்தில் வேலை கிடைத்துவிட்டது, அக்காவுக்கு இன்று இங்கே கடைசி நாள். காண்ட்ராக்ட் ஆள் என்பதால் வழியனுப்பு விழா கிடையாதாம். எட்டு தன் காசில் கேக் வாங்கி வந்தார். மேனேஜர் வரவில்லை. அக்கா எனக்கு ஒரு துண்டு வெட்டிக் கொடுத்து, "வயிறு சரியாயிடுச்சா?" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

ஜூன் 18, புதன்

அக்கா போன் செய்தார். குரலே மாறியிருக்கிறது.

"நீ சொன்னியே, அந்தத் தொகைக்கு மேல இன்னும் கொஞ்சம் சேத்து அந்த இண்டர்வியூல கேட்டேன். அந்த ஆளு யோசிக்கவே இல்ல. சரின்னுட்டான். இத்தனை சுளுவா சரின்னுட்டானே, இன்னும் கேட்டிருக்கலாமோன்னு அப்போ எனக்கு ரெண்டு நாள் சாப்பாடே இறங்கல."

ரொம்ப சந்தோஷம் அக்கா என்றேன். நிஜமாகவே சந்தோஷம்தான். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. அக்காவுக்கு இப்போது என்னைவிட அதிகம்.

"யாரு போயிட்டா? மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?" என்றார் அத்தை. சொன்னேன். அத்தை சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாகிவிட்டது. நான் சிரிக்கவில்லை. சாமான் கழுவும் தொட்டியில் பாத்திரங்கள் என் கையில் பட்ட பாடு அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

அக்காவைத் திரும்பக் கூப்பிட்டேன். அங்கே என்னைப் போல எழுதுகிற ஆள் தேவைப்படுகிறதா என்று கேட்டேன். மூன்று இடம் காலியாக இருக்கிறதாம். அந்த வேலைக்கு அங்கே யார் யார் எவ்வளவு வாங்குகிறார்கள் என்று, நான் கேட்பதற்கு முன்பே சொல்ல ஆரம்பித்தார். சேர்ந்து மூன்று வாரம் கூட ஆகவில்லை, அதற்குள் எல்லோரிடமும் கேட்டு வைத்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமை இண்டர்வியூ. இப்போது எவ்வளவு வாங்குகிறாய் என்று கேட்டால் என்ன சொல்லப் போகிறாய் என்று இவர் கேட்டார்.

"அது உங்களுக்கு எதுக்குன்னு கேப்பேன்" என்றேன்.